ஒன்பது தலை நாகத்துக்கு ஒரு முட்டை

கம்போடியாவுக்குப் போகிறவர்கள் கோயில் பார்க்கப் போவார்கள். நான் ஒரு முட்டை வைக்கப் போனேன்.

சிரிக்க வேண்டாம். ஊரைச் சிரிக்க வைக்கப் போய்த்தான் இந்த வினையே வந்தது.

மலேசியாவில், கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே திரும்பினால், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் எங்கள் எஸ்டேட் நாகம்மா கோயில் இருக்கிறது. தோட்டத்து லயன் வீடுகள் போய்விட்டன, நாங்களும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் வெள்ளிக்கிழமையானால் எல்லோருடைய காரும் அந்தச் செம்மண் பாதையில்தான் நிற்கும். என் மகள் கவிதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் கலைந்துபோனது. அப்படியொரு வெள்ளிக்கிழமை, பெண்கள் ஆளாளுக்கு ஒன்று நேர்ந்துகொண்டிருந்தார்கள். பூசாரி என் பக்கம் திரும்பினார்.

“மணியம் அண்ணே, நீங்களும் ஒரு வார்த்தை வேண்டிக்குங்க.”

எனக்கு ஒரு வியாதி உண்டு. எல்லோரும் முகத்தை இறுக்கி வைத்திருக்கும் இடத்தில் என் நாக்கு அரிக்கும். “பேரப்பிள்ளை பொறக்கட்டும் சாமி, ஒம்போது தலை நாகத்துக்கே பாலும் முட்டையும் வைக்கிறேன்” என்றேன்.

எங்கள் நாகம்மாவுக்கு ஐந்து தலை. ஒன்பது தலை நாகம் சிலாங்கூர் மாநிலத்திலேயே நான் பார்த்ததில்லை. முகவரி இல்லாத சாமிக்கு வேண்டிக்கொண்டால் கடன் கேட்டு யார் வருவார்? கூட்டம் சிரித்தது. என் மனைவி தனம் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் யாழினி பிறந்தாள்.

எல்லோரும் அவரவர் நேர்த்திக்கடனை முடித்தார்கள். தனம் பால்குடம் எடுத்தாள். மாப்பிள்ளை காவடி எடுத்தார். சம்பந்தியம்மா தீ மிதித்தார். என்னுடையது மட்டும் பாக்கி. எங்கள் குடும்பத்தில் வேண்டுதல் தீராமல் பிள்ளைக்கு முதல் முடி இறக்க மாட்டார்கள். யாழினிக்கு ஒன்றரை வயதாகிவிட்டது. முடி கண்ணை மறைத்தது. நடக்கப் பழகும் பிள்ளை எதிரே சுவர் இருப்பது தெரியாமல் முட்டிக்கொண்டது.

“ப்பா, ஹேர்க்ளிப் போட்டா பிடுங்கி வாயில போடுறா. எல்லாம் உங்க வாயால வந்தது லா!” என்றாள் கவிதா.

நானும் சும்மா இருக்கவில்லை. நம் கோயிலில் ஐந்து தலை, பத்தாங் காலிப் பக்கம் ஒரு மரத்தடியில் நான்கு தலை மாதிரித் தெரிகிற ஒரு கல், இரண்டுக்கும் வைத்தால் கூட்டி ஒன்பதாகிவிடும் என்று பூசாரியிடம் யோசனை சொல்லிப் பார்த்தேன். “அண்ணே, சொன்னது நீங்க, கேட்டது அவ. நடுவுல நான் யாரு?” என்று கற்பூரத் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கடைசியில் தனம்தான் கண்டுபிடித்தாள். ஒரு நாள் கைப்பேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

“எண்ணுங்க.”

கல்லில் செதுக்கிய நாகம். படம் விரித்து நிமிர்ந்து நின்றது. எண்ணினேன். ஒன்பது.

“எந்தக் கோயில் இது?”

“கோயில் இல்ல, பாலம். கம்போடியாவுல இருக்கு. எண்ணூறு வருசத்துக்கு முன்ன அந்த ஊரு ராசா கட்டினதாம். இன்னமும் சனங்க அது மேல போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்காங்க.”

“பாலத்துல இருக்கிறது சாமியாகுமா, தனம்?”

“நீங்க ஒம்போது தலை நாகத்துக்குன்னுதானே சொன்னீங்க? அது எங்க இருக்கணும்னு சொன்னீங்களா?”

முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டியவன் நான். எந்தப் போலீஸ்காரரிடமும் பேசித் தப்பித்திருக்கிறேன். தனத்திடம் தப்பித்ததில்லை.

கம்போடியாவில், சியம் ரியாப்பில் இறங்கிய முதல் நாளே எனக்கு இரண்டு அதிர்ச்சி. ஒன்று, அந்த ஊரில் வண்டியெல்லாம் வலது பக்கம் ஓடுகிறது. சாலையைக் கடக்க நான் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துக் காலை வைக்க, இடது பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து என் சட்டையை உரசிக்கொண்டு போனது. அதில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு மின்விசிறி. ஐந்து பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மூன்று நாளும் தனம் என் சட்டை முனையைப் பிடித்துத்தான் சாலை கடந்தாள். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது அதிர்ச்சி சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தது. வாழை இலைக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால் ஊற்றி அவித்த மீன். நம்ம ஊர் ஒத்தாக்-ஒத்தாக்குக்குத் தூரத்துச் சொந்தம், காரம் மட்டும் கிடையாது. அதை நோக்கி நான் விரலை நீட்டிய நேரத்தில் தனம் அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

“விரதம்.”

“நீதானே விரதம்?”

“வேண்டினது யாரு?”

ஆகவே எனக்கு வந்தது வதக்கிய கங்கோங் கீரையும் வெள்ளைச் சோறும். அக்கம்பக்கத்து மேசையெல்லாம் மீன். கீரையில் மீன் சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று கேட்க எனக்கு அவர்கள் மொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்படி ஒரு ருசி.

இரண்டாம் நாள் காலையில் எங்களை ஏற்றிக்கொண்டவர் சொவான் என்ற துக்-துக் ஆட்டோக்காரர். முப்பது வயதிருக்கும். கொஞ்சம் ஆங்கிலம், நிறையச் சிரிப்பு.

“அங்கோர் வாட்?” என்று கேட்டார்.

“இல்லை. கம்போங் கடேய் பாலம்.”

“சரி, அங்கோர் வாட் பார்த்துவிட்டு…”

“முதல்ல பாலம்” என்றாள் தனம் தமிழில். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போகும் வழியெல்லாம் வயல். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுங்கை புரோங் வயல்வெளியைப் பிடித்துக்கொண்டு வந்து விரித்துப் போட்டது மாதிரி இருந்தது. ஆனால் வரப்பெல்லாம் பனைமரம். எங்கள் பக்கம் பனை என்றாலே செம்பனைதான், குட்டையாக, குண்டாக, என்னை மாதிரி. இங்கே நெடுநெடுவென்று நிஜப் பனை. தனம் துக்-துக்குக்கு வெளியே தலையை நீட்டி, “நுங்கு இருக்குங்க, நுங்கு!” என்று கத்திக்கொண்டே வந்தாள். வெள்ளை மாடுகள் திரும்பிப் பார்த்தன.

பாதி வழியில் டயர் பஞ்சர். சொவான் இறங்கினார். நானும் இறங்கினேன். “தம்பி, தள்ளுங்க. லோரி டயரையே ஒத்தைக் கையால கழட்டினவன் நான்” என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். உட்கார்ந்தது சரி. எழுந்திருக்க முடியவில்லை. முட்டி இரண்டும் பூட்டிக்கொண்டன. டயரை விட்டுவிட்டு சொவான் முதலில் என்னைக் கழற்ற வேண்டியதாயிற்று. அவர் ஒரு கையையும் தனம் ஒரு கையையும் பிடித்து இழுத்து என்னைச் சாலையோரத்து நிழலில் நிறுத்தினார்கள்.

அந்த நிழலில் ஓர் அம்மா மூங்கில் குழாயில் சோறு சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். உரித்துப் பார்த்தால் பசையரிசி, தேங்காய்ப்பால், கறுப்புப் பயறு. “லெமாங் லா இது!” என்று நான் துள்ளிவிட்டேன். ஹரிராயாப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் வீட்டில் சாப்பிடும் அதே லெமாங், பயறு போட்டது. மீன் இல்லை, கறி இல்லை என்று தனம் அனுமதி கொடுத்தாள். நான் மூன்று குழாய் முடித்தேன். விரதம் இப்படியும் இருக்கலாம் போலிருக்கிறது.

கம்போங் கடேய் வந்ததும், ஒட்டுப்போட்ட டயரைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று சொவான் பட்டறைக்குப் போனார். பால் பெட்டியை முந்தின நாளே வாங்கிவிட்டோம். முட்டைதான் பாக்கி. சந்தை ஓரத்தில் ஒரு கூடை, அதன்மேல் துணி மூடி, அதற்குள் பெரிய பெரிய வாத்து முட்டைகள். தனம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“என்னங்க, சூடா இருக்கு! இப்பத்தான் போட்டிருக்கு.”

“பெருசாவும் இருக்கு. ஒம்போது தலைக்கும் பத்தணும்ல” என்றேன் நான், முட்டை நிபுணன்.

இரண்டு வாங்கினோம். கூடவே ஒரு குட்டிப் பொட்டலத்தில் உப்பும் மிளகும் கொடுத்தார்கள். நாகத்துக்கு எதற்கு மசாலா என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு பாலத்தைப் பார்த்தோம்.

படத்தில் பார்த்ததெல்லாம் பொய். படத்துக்குள் அது அடங்காது. செம்புறாங்கல்லால் கட்டியது. எங்கள் எஸ்டேட் பாதையில் கொட்டுவார்களே அந்தச் சிவப்பு மண், அது எண்ணூறு வருடம் யோசித்து யோசித்துக் கல்லாகிவிட்டது மாதிரி ஒரு நிறம். அடியில் ஒடுக்கமான வளைவுகள் வரிசையாக ஆற்றுக்குள் இறங்கி நிற்கின்றன. யானை மந்தை தண்ணீரில் காலூன்றி நிற்பதுபோல. சிமெண்டு இல்லை, கம்பி இல்லை. கல்மேல் கல்லை நீட்டி அடுக்கி, ஒன்றின் பாரத்தை ஒன்று தாங்க விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் புதுச் சாலை போடும் வரைக்கும் லோரியும் இதன்மேல்தான் போனதாம். இப்போது மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடக்கிற சனம்.

லோரிக்காரனுக்குத்தான் இதன் அருமை தெரியும். எங்கள் பக்கம் தோட்டத்துக் கால்வாய்களின் மேலே பலகைப் பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது முருகா என்பேன், கடந்த பிறகு இன்னொரு முருகா. குலை ஏற்றிய லோரியோடு ஒரு முறையாவது இந்தப் பாலத்தின் மேல் போயிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நான் பாலத்தைத் தட்டிக் கொடுத்தேன், வண்டியைத் தட்டுவது மாதிரி.

“அங்க என்ன தட்டிக்கிட்டு? இங்க வந்து எண்ணுங்க” என்றாள் தனம்.

கைப்பிடிச் சுவர் முழுக்கப் பாம்பின் உடல். முனையில் வந்ததும் அது படம் விரித்து நிமிர்கிறது. என் உயரத்துக்கு மேலே. நான் எண்ணினேன். எட்டு. ஓரத்துத் தலை ஒன்று தேய்ந்து பக்கத்துத் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“எட்டுதான் தனம். ஒண்ணு குறையுது. பாலை மட்டும் வச்சுட்டு…”

“கண்ணாடியைத் துடைச்சுட்டு எண்ணுங்க.”

துடைத்தேன். ஒன்பது.

தனம் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாகத்தின் முன்னால் தரையைக் கையால் பெருக்கி, கொண்டுவந்த மஞ்சளும் குங்குமமும் ஒரு தாள் தட்டில் வைத்து, பாலைக் குவளையில் ஊற்றி வைத்தாள். கல்லைத் தொட்டு எதையும் பூச வேண்டாம், ஊரார் பொருள் என்று அவளே சொன்னாள். “முட்டையை உடைச்சு இந்தக் கிண்ணத்துல ஊத்துங்க” என்றாள்.

நான் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினேன். ஓடு விட்டது. உள்ளேயிருந்து எதுவும் வழியவில்லை. எட்டிப் பார்த்தது. ஈரமான இறகு, மூடிய கண், குட்டி அலகு.

அது அவித்த முட்டை. பாதி வளர்ந்த வாத்துக் குஞ்சோடு அவித்தது. அந்த ஊர்க்காரர்கள் உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிடும் பண்டம்.

என் நாக்கு அரித்தது. முட்டைக்குள்ளேயே பிள்ளை இருக்கே, இதைவிட என்ன பலன் வேணும் என்று ஒரு ஜோக் தயாராக வந்து நின்றது. தனத்தின் முகத்தைப் பார்த்தேன். அப்படியே விழுங்கினேன்.

அவள் அந்தச் சிவப்புக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “பிள்ளைக்காக வேண்டினதுக்கு இப்படியாங்க வரணும்? பிறக்காத குஞ்சு…” என்றாள். கவிதாவுக்குக் கலைந்த இரண்டையும்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வாசலில் நான்தான் ஏதேதோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இந்த முறை நான் வேறு முட்டை தேடக் கிளம்பினேன்.

பாலத்து முனையில் ஒரு தண்ணீர்க் கடை இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அவளிடம் ஓடினேன். பச்சை முட்டை வேண்டும் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கையையும் மடக்கிச் சிறகடித்தேன். கொக்கரித்தேன். குந்த முட்டி ஒத்துழைக்காததால் நின்றபடியே முட்டை போட்டுக் காட்டினேன். சாலையில் போன இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றுவிட்டன.

அவள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, என்னை மாமா என்று கூப்பிட்டு, சுத்தமான மலாயில் கேட்டாள். “பாக்சிக், கோழி வேணுமா, முட்டை வேணுமா?”

நான் சிறகை இறக்கினேன்.

அவள் பெயர் நியாரி. எங்கள் மலேசியாவில், புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவளாம். எங்கள் வீட்டிலிருந்து எத்தனையோ முறை நான் லோரியில் போன ஊர். மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள், ஆறு வருடம், என் வாய், ஒன்பது தலை, குஞ்சு. அவள் கேட்டுக்கொண்டே என்னோடு நடந்து வந்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்துச் சிரித்தாள்.

“மக்சிக், ஏன் லா அழுறீங்க? இதை நாங்க யாருக்குக் கொடுப்போம் தெரியுமா? பிள்ளை பெத்தவளுக்கு. உடம்பு தேறணும்னு. எனக்கு மூணு பிள்ளை. மூணு தடவையும் எங்க அம்மா இதைத்தான் தட்டு தட்டாக் கொடுத்தாங்க. இந்த ஊருல ஒருத்தர் இதை நிறைய வாங்கிட்டுப் போனா, உங்க வீட்டுல பிள்ளை பொறந்திருக்கான்னு கேட்போம்.”

தனத்துக்கு மலாய் எனக்கு மேலாகவே தெரியும். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். “அப்படியா?” என்று இரண்டு தடவை கேட்டாள். மூக்கைத் துடைத்தாள். “அப்ப கடைக்காரி சரியாத்தான் குடுத்திருக்கா” என்றாள்.

நியாரி கடைக்குப் பின்னால் போய், அப்போதுதான் முட்டையிட்ட கோழியோடு ஏதோ வாக்குவாதம் செய்துவிட்டு, ஒரு முட்டையோடு வந்தாள். இன்னொரு கையில் ஊதுபத்தி. நாங்களும் இதுக்கு வைப்போம், ஆற்றையும் பாலத்தையும் இவர்தான் காக்கிறார் என்றாள். டயரோடு வந்து சேர்ந்த சொவான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நின்ற மோட்டார் சைக்கிள்காரர்களும் போகவில்லை. கொக்கரித்த ஆள் அடுத்து என்ன செய்வான் என்று பார்க்க ஆசை போலும்.

முட்டையைத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டினேன். கிண்ணத்தில் மஞ்சள் கரு உருண்டையாக விழுந்து நின்றது, சின்னச் சூரியன் மாதிரி. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

“நீங்களே சொல்லுங்க. வாயால சொன்னது நீங்கதானே” என்றாள் தனம்.

ஒன்பது தலையில் எதைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் நடுத்தலையைப் பார்த்தேன். “ஆத்தா, நான் வெளையாட்டாச் சொன்னேன். நீ நெசமாவே குடுத்துட்டே” என்றேன். உடனே இரண்டு கையையும் குவித்துக்கொண்டேன். இன்னும் பேசியிருந்தால் கெடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு அந்தப் பாலம் எங்களுடையது. தனமும் நானும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தோம். திரும்பவும் நடந்தோம். காற்று வந்தது, ஆறு சிவப்பாக ஓடியது, மோட்டார் சைக்கிள்கள் எங்களுக்கு ஹாரன் அடித்து வழி கேட்டன. நான் கையைத் தூக்கி, தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு சைக்கிள்காரர் பதிலுக்குக் கும்பிட்டார். பாதிப் பாலத்தில் தனம் என் சட்டை முனையைப் பிடித்தாள். அங்கே கடக்கச் சாலை எதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது இரண்டாவது வாத்து முட்டையை சொவான் நியாரி கடை உப்பு மிளகு தொட்டு முடித்திருந்தார். “வீணாக்கக் கூடாது” என்றார்.

மூன்றாம் நாள் விரதம் முடிந்தது. வாழை இலைக் கிண்ணத்து மீனை இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பிறகு தனத்தின் கிண்ணத்தையும். சாயங்காலம் அங்கோர் வாட் போனோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் நாகம்மா கோயில் வேப்பமரத்தடியில் யாழினிக்கு முடி இறக்கினோம். என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருட முடியும் உதிர்ந்து விழ, முதல் தடவையாக மறைப்பில்லாமல் அவள் உலகத்தைப் பார்த்தாள். எதிரே சுவர் தெரிந்தது. சுவரைப் பார்த்துச் சிரித்தாள். ஊரே கைப்பேசியில் என் பாலத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் விரல் வைத்துத் தலைகளை எண்ணினார்கள். கண்ணாடி போடாதவர்களுக்கு எட்டுதான் வந்தது.

பூசாரி வாயெல்லாம் பல்லாக வந்தார். “மணியம் அண்ணே, உங்க வாக்கு பலிக்குது. அடுத்தது பேரனாப் பொறக்க ஒரு வார்த்தை வேண்டிக்குங்க.”

கூட்டம் என்னைப் பார்த்தது. நாக்கு அரித்தது. நான் வாயைத் திறந்தேன்.

யாழினியின் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த தனம், திரும்பிக்கூடப் பார்க்காமல், அதே கையால் என் வாயைப் பொத்தினாள்.